இத்தாவில் வந்த வெள்ளம்

வாசல் வழியாக வரும் என்று ஷரீபுன்னிசா வாசலில் சாக்குகளைத் திணித்து வைத்திருந்தாள். தண்ணீர் பின்பக்கத்துச் சாக்கடை வழியாக வந்தது. அம்மிக்கல்லைச் சுற்றி, அடுப்படியைத் தாண்டி, நன்றாக வழி தெரிந்த சொந்தக்காரியைப் போலச் சத்தமில்லாமல் கூடத்துக்குள் நுழைந்தது. அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய இந்த வீட்டுக்கு, தர்மபுரியிலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணவர் தஸ்தகீர் கடைத்தெருவில் ரெக்ஸின் பை விற்றார். பைகளுக்கு உள்துணியும் கைப்பிடியும் வைத்துத் தைத்தது இவள். பிள்ளைகள் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு மதியம் சாப்பிட்ட கையைக் கழுவப் போனவர் முற்றத்திலேயே சாய்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல், அலங்காரமும் அத்தரும் இல்லாமல் இருக்கவேண்டிய காலம் அது. முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். முடிந்ததும் தம்பி சலாவுதீன் வந்து அவளைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. கடையை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. தையல் மெஷினையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம், அங்கே எதற்கு என்று தம்பி சொல்லியிருந்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாரும் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

கதவு இடிபட்டது.

“ஷரீபக்கா! தொறங்க. என் கூரையும் போயிருச்சு, உங்க தரையும் போயிருச்சு. இன்னும் யாருக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

மாடி அறையில் குடியிருக்கும் தெரசா. தர்மபுரிக்குப் பக்கத்தில் கோவிலூர்க்காரி. மவுண்ட் ரோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. சென்னைக்கு வந்தும் ஊர்ப்பேச்சு மாறாத அவளோடு பேசினால், ஷரீபுன்னிசாவுக்கும் ஊர்ப்பேச்சுதான் வரும். காற்று தெரசாவின் மாடிக் கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வந்தாள்.

“நான் வரக்கூடாது தெரசா. வாசப்படி தாண்டுனா இருந்த நாளெல்லாம் வீணு. முதல்லருந்து எண்ணணும்.”

“யாரு சொன்னாங்க?”

“ஜுபைதா. தம்பி பொண்டாட்டி. நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதறதுக்கு வந்தப்ப சொன்னா.”

“சரி, தண்ணி உங்க ஜுபைதாவக் கேட்டுக்கிட்டா வருது? எந்திரிங்கக்கா.”

ஷரீபுன்னிசா எழுந்திருக்கவில்லை. ஜுபைதா சொன்னது மட்டும் காரணமில்லை. வேறொன்று இருந்தது. அதைத் தெரசாவிடம் மட்டுமல்ல, தொழுகைப் பாயில் கையேந்தும்போதுகூட அவளால் சொல்ல முடிந்ததில்லை.

தஸ்தகீர் கெட்டவரல்ல. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். எந்தக் கத்தரிக்காய் வாங்குவது, எந்தச் சன்னலைத் திறப்பது என்பதுவரை அவர் சொல்வார், இவள் தலையாட்டுவாள். பெருநாளுக்கு மறுநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் நின்றபடி ‘இது தேனாம்பேட்டை, இது எல்.ஐ.சி.’ என்று சொல்லிக்கொண்டே வருவார். முகத்திரைக்குப் பின்னால் அவளுக்கு அந்த ஊர் அவர் சொன்ன பெயர்களாகவே தெரிந்தது. அவர் போனபின் வீட்டில் ஒரு நிசப்தம் இறங்கியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது மெஷின் சத்தம். இத்தனை வருஷமும் தன் காலடியில் ஓடிய மெஷினின் ஓசையை அவள் அப்போதுதான் முழுதாகக் கேட்டாள். அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்ற பயத்தில்தான், மற்றப் பெண்கள் தளர்த்திக்கொள்ளும் விதிகளைக்கூட இவள் இறுக்கிப் பிடித்தாள். பால்காரன் குரல் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுவாள். வராத கண்ணீருக்கு ஈடாக இதையாவது ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு மண்சுவர் பொத்தென்று உட்கார்ந்தது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது.

“மெஷினை மேல ஏத்தணும்” என்றாள் ஷரீபுன்னிசா.

“உசுரு போற நேரத்துல மெஷினா?”

“ஏத்தாம வரமாட்டேன்.”

“அப்படின்னா ஏத்துனா வருவீங்க?” தெரசா சிரித்துவிட்டாள். “இதை முதல்லயே சொல்லியிருந்தா விடியறப்பவே ஏத்தியிருப்பனே!”

இருவருமாக மெஷினின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். பிறகு அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசற்படி கலங்கல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. காலால் துழாவினாள். படி தட்டுப்படவே இல்லை. கீழே தெருவின் சேறு மிதிபட்டபோதுதான், எப்போதோ தாண்டியாகிவிட்டது என்று தெரிந்தது.

தெருமுனையில் விளக்குக் கம்பத்துக்கும் ரேஷன் கடைக் கிராதிக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு எட்டாத இடத்தில் ஆட்கள் கைகோத்து நின்றார்கள். நனைந்த முகத்திரை மூக்கில் ஒட்டி மூச்சை அடைத்தது. அதைத் தூக்கித் தலைக்குமேல் போட்டாள். எதிரே காக்கி அரைக்கால் சட்டைக்காரர் ஒருவர் கையை நீட்டினார். அவள் தயங்கினாள்.

“யம்மோவ், கைய குடும்மா! வெக்கத்த அப்பால கரைக்குப் போய்ப் பட்டுக்கலாம்!”

கொடுத்தாள். அப்பாவையும் தம்பியையும் கணவரையும் தவிர அவள் தொட்ட முதல் ஆண் கை. காய்ப்பேறிச் சில்லென்று இருந்தது. அடுத்த கைக்கு அவளைத் தள்ளிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே அவர் பின்னால் வந்த கிழவரைப் பிடிக்கத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் நின்றோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே மனசுக்குள் தவ்பா சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒருவர் ரேடியோவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார், அது பாடிக்கொண்டிருந்தது. நகைக்கடைப் படிக்கட்டில் இரண்டு எருமைகள் உரிமையோடு நின்றன. தள்ளுவண்டியை மேஜைமேல் ஏற்றி ஒருவன் டீ ஆற்றினான். தஸ்தகீரின் கடைக் கதவு பாதி முங்கியிருந்தது. அதைப் பார்த்து நின்றவளின் முன்னால் ஒருத்தி இடுப்பில் குழந்தையும் தோளில் பச்சை ரெக்ஸின் பையுமாகப் போனாள். பிதுங்கப் பிதுங்க அடைத்த பை. அதன் கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். மடித்து மூன்று ஓட்டு ஓட்டி, ஓரத்தில் பெருக்கல் குறிபோல் போட்ட தையல்.

“தெரசா, அது நான் தெச்சது.”

“எது?”

“அந்தக் கைப்பிடி.”

அவள் தைத்த பைகள் கடைக்குப் போனபின் எங்கே போயின என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் அந்தப் பச்சையைக் கண்ணிலிருந்து விடாமல் நடந்தாள். ஒரு பெண்ணின் வீடு முழுவதும் அந்தப் பிடியில் தொங்கியது. பிரதான சாலை மேட்டில் கால் வைக்கும்வரை அது அறுந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அறுந்துவிடவில்லை.

மேட்டிலிருந்து ஒரு பஸ் மட்டும் புறப்பட்டது. இருவரும் அதில் ஏறியதும் கூட்டம் தெரசாவை முன்பக்கம் தள்ளிவிட்டது.

“எங்கம்மா எறங்கணும்?” கண்டக்டர் கேட்டார்.

டிக்கெட் கேட்டு அவளிடம் யாரும் நின்றதில்லை. வாயைத் திறந்தாள். “மவுண்ட் ரோடு. எல்.ஐ.சி.”

“அதுவரிக்கும் போவுமான்னு எனக்கே தெரியாது. போனா உன் அதிர்ஷ்டம்.”

போயிற்று. இறங்கியதும் தெரசா, “எங்க எக்ஸ்சேஞ்சு மேல்மாடியில லேடீஸ் ரெஸ்ட் ரூம் இருக்குது. ஆம்பளை வாடையே அடிக்காது. உங்க இத்தாவ அங்க உக்காந்து தொடருங்க” என்றாள்.

வரிசையாகக் கட்டில்கள். வீட்டுக்குப் போக முடியாத பெண்கள் தலையைத் துவட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒரு கட்டிலில் சாய்ந்து ஷரீபுன்னிசா கணக்குப் போட்டாள். முதலிலிருந்து என்றால் பங்குனி தாண்டிவிடும். அதுவரை சலாவுதீன் கூட்டிப்போக முடியாது. அதுவரை அந்த வீடு, அந்தப் பரண், அந்த மெஷின். நெஞ்சுக்குள் ஏதோ இலேசாயிற்று. பாவத்துக்கான தண்டனை இப்படியா இனிக்கும்? அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை தெரசா அவளைப் போன் இருந்த மூலைக்குக் கூப்பிட்டாள். “மெட்ராஸ்ல அவனவன் உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்கு லைன் கேட்டு அடிச்சுக்கறான். தர்மபுரிய நான் பிடிச்சிருக்கேன். சுருக்கப் பேசுங்க. நான் லைன் போடுற போர்டுக்குப் போறேன்.”

சலாவுதீனின் புளி மண்டி. பின்னால் யாரோ கடத்தூர் வண்டி வந்துவிட்டது என்று கத்தினார்கள்.

“அக்கா! அக்கா, நல்லா இருக்கீங்களா?” தம்பியின் குரல் உடைந்திருந்தது.

“இருக்கேன். தம்பி, வாசப்படி தாண்டிட்டேன். இத்தா முறிஞ்சு போச்சு. இனி முதல்லருந்து...”

“முறியாதுக்கா! ரேடியோவுல வெள்ளம்னு கேட்டதும் பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட ஓடுனேன். உசுருக்கு ஆபத்துன்னா வெளிய வரலாமாம், இருந்த நாள் எதுவும் போகாதாம். ஜுபைதாவுக்கு என்னா தெரியும், வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்கா.”

நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது. அது ஏமாற்றம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனித் தெரியாததுபோல் இருக்க முடியாது.

“கேக்குதாக்கா? ரோடு தொறந்ததும் நான் வரேன். மீதி நாளை இங்க வந்து இருங்க. பின்னாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கு. சன்னலுக்குப் பச்சை பெயின்டு. உங்களுக்குப் பச்சை பிடிக்குமில்ல?”

பிடிக்கும். சின்ன வயதில் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

“தம்பி, அவரு மௌத்தான வூட்டுலதான் மீதியயும் இருக்கணும். தண்ணி வடிஞ்சதும் அங்கயே போறேன்.”

“அது சரிதாங்க்கா. அந்த வூடு தாங்குமா?”

“சேறுதான் இருக்கும். தெரசாவும் நானும் கழுவிக்குவோம். மெஷினு பரண்ல இருக்குது.”

“சரி. முடிஞ்சதும் வரேன், கூட்டியாந்துடறேன்.”

ஷரீபுன்னிசா சன்னலைப் பார்த்தாள். கீழே மவுண்ட் ரோட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வா. வந்து என்னைப் பாத்துட்டுப் போ. கடையை மட்டும் யாருக்கும் முடிச்சுடாத.”

“என்னாக்கா சொல்றீங்க? இத்தா முடிஞ்சப்புறமும் அங்கயா? ஒத்தையிலயா?”

கேள்வி. என்ன செய்யப்போகிறாய் என்று இருபது வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் பதிலைத் தேடும்போது கம்பியில் இன்னொரு குரல் நுழைந்தது. மரியாதையான, ஊர் வாசனையே இல்லாத, அரசாங்கக் குரல்.

“மெட்ராஸ் பேசறேன். மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்கணுங்களா?”

தெரசா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“நீட்டும்மா” என்றாள் ஷரீபுன்னிசா. பிறகு தம்பியிடம், “ஆமாடா. அப்புறமும் அங்கதான். சொல்றேன் கேளு” என்று ஆரம்பித்தாள்.