மூக்கில் ஏறும் சுத்தம்

திங்கட்கிழமைகளில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் செய்கிற கடைசிக் காரியம், வீட்டு நீச்சல் குளத்தின் குப்பைக்கூடையைக் கவிழ்ப்பது. குளத்தின் ஓரத்தில் ஒரு வட்ட மூடி. அதைத் தூக்கினால் உள்ளே வாளி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை. மோட்டார் இழுக்கிற தண்ணீரில் மிதந்து வருவதெல்லாம் அதில் தங்கும். இலையும் பூவும் தங்கினால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் குடும்பமும் அக்கா குடும்பமும் வந்து ஆட்டம் போட்டுவிட்டுப் போன மறுநாள் அதில் இருப்பவை வேறு. எலிவால் போல முறுக்கிக்கொண்ட முடி, ஊறிப்போன பிளாஸ்திரி, யாரோ கடித்துத் துப்பிய நகம், இவற்றையெல்லாம் சேர்த்து ஒட்டவைத்திருக்கிற சாம்பல் நிற வழவழப்பு. ஒருமுறை ஒரு பால்பல் கிடைத்தது. போன் செய்து கேட்டாள். யாரும் உரிமை கொண்டாடவில்லை.

அவள் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள். தினம் அறுபது எழுபது பேரின் சிறுநீர் அவள் கையைத் தாண்டித்தான் போகும். சளி, சீழ், மலம் எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. அங்கே ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கும். குளத்தில் கிடப்பதற்குப் பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது. சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பட்டப்பகலில் மினுமினுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டே பேர் வசிக்கிற வீட்டுக்கு எதற்குக் குளம் என்று வீட்டை வாங்கும்போதே அவள் கேட்டாள். கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டை விற்ற பல் மருத்துவர் சாவியைக் கொடுக்கும்போது அளவுக்கு மீறிச் சிரித்தார். ஏன் என்பது மூன்றாவது மாதம் புரிந்தது. மோட்டார் தினம் எட்டு மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு நாள் நின்றால் தண்ணீர் பச்சையாகிவிடும். மழை பெய்தால் மருந்து, வெயில் காய்ந்தால் மருந்து, ஆள் இறங்கினால் மருந்து. தண்ணீர் குறைந்தால் லாரி. அடியில் படிவதை உறிஞ்ச ஒரு குழாய், சுவரைத் தேய்க்க ஒரு பிரஷ், செத்த தவளையை எடுக்க ஒரு வலை. கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பணிவிடை நடக்காது; அதுவாவது ஒரு நாள் வளர்ந்துவிடும்.

கணவருக்கோ குளம்தான் கௌரவம். விருந்தாளிகள் வந்ததும் கரையில் நிற்கவைத்து மூச்சை இழுக்கச் சொல்வார். "மூக்குல ஏறுதா? அதுதான் சுத்தம். ஆஸ்பத்திரி மாதிரி." வாசனை குறைந்தால் இன்னும் கொஞ்சம் குளோரின் போடச் சொல்வார்.

இப்போது குளம் ஒழுகியது. டைல்ஸ் பெயர்ந்து, தண்ணீர் நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்கியது. எல்லாவற்றையும் பெயர்த்து ஒட்டுவதற்கு ஆகும் தொகை, அவள் பெயரில் பதினோரு வருடமாகக் கிடந்து இந்த மாதம் கைக்கு வந்திருந்த டெபாசிட்டை அப்படியே விழுங்கும். அந்தப் பணத்துக்கு அவள் வேறு வழி வைத்திருந்தாள். கடைத்தெருவில் ஒரு அறை காலியாக இருந்தது. அங்கே சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை மையம். புதன்கிழமைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் அறையைச் செல்போன் கடைக்காரருக்கு விட்டுவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை, குளத்தைப் பராமரிக்கிற ஆள் டைல்ஸுக்கு அளவெடுக்க வந்தார். வழக்கம்போலத் தண்ணீரை இரண்டு சின்னக் குழாய்களில் பிடித்து சொட்டு மருந்து விட்டார். ஒன்று லேசான ரோஸ் ஆயிற்று. மற்றது பீட்ரூட் போலச் சிவந்தது. சோதனைக்குழாயைப் பார்த்தால் அவளால் சும்மா போக முடியாது.

"ரெண்டுக்கும் ஏங்க இவ்வளவு வித்தியாசம்?"

"இது வேலை செய்யற குளோரின் மேடம். அது மொத்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் செத்துப்போனது."

"செத்துப்போனதுன்னா?"

அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "வேர்வை, எண்ணெய், அப்புறம்… ஒண்ணுக்கு. அதோட சேர்ந்து குளோரின் கெட்டுப்போயிடும். கண்ணு எரியறது, இந்த நெடி எல்லாம் அதனாலதான். நல்ல தண்ணிக்கு இப்படி வாசனை வராது மேடம்."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"வர்றவங்களைப் பத்திச் சொன்னா எந்த ஓனர் என்னை வச்சுக்குவாரு?"

ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் காலை பத்து மணிக்கே இறங்கிவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் நீர்யானை. கழுத்தளவு தண்ணீரில் படிக்கட்டில் உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார். இருக்கும் இடத்துக்கே ஜூஸ் போகும். நான்கு கிளாஸ் போனது. எண்ணினாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் கணவர் ஆரம்பித்தார். "அடுத்த மாசம் வந்து பாருண்ணா. எல்லாம் புது டைல்ஸ், கரு நீலம். பணம் இவளோட டெபாசிட்ல இருந்து."

"பரவாயில்லையே, தம்பிக்குன்னதும் தாராளமாத்தான் இருக்கே" என்றாள் நாத்தனார்.

"நான் இன்னும் குடுக்கல அண்ணி." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, நாலு கிளாஸ் ஜூஸ் குடிச்சீங்க. ஒரு தடவைகூட பாத்ரூம் போகலையே."

நீர்யானை வாயிலிருந்ததை மெல்லுவதை நிறுத்தினார். அவள் இரண்டு குழாய்களையும் பற்றி, ஒரு நோயாளிக்கு அறிக்கையைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள். இவ்வளவு நாளும் எல்லோரும் மூச்சை இழுத்து ரசித்தது எதை என்பதையும் சொன்னாள்.

"சாப்பிடற எடத்துல பேசற பேச்சா இது?" நாத்தனார் தட்டைத் தள்ளினாள். "லேபை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது."

"அங்க டப்பாவுல பிடிச்சுக் குடுப்பாங்க அண்ணி."

"எங்க வீட்டுப் பிள்ளைங்க அப்படி இல்ல."

"பெரிய மாமா பக்கத்துல போனா தண்ணி சூடா இருக்கும்" என்றாள் நாத்தனாரின் எட்டு வயது மகள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

கணவர்தான் சிரித்துச் சமாளித்தார். "விடு விடு. எவ்வளவு தண்ணி இருக்கு. இதுக்குன்னு யார் ஏறி ஈரத்தோட உள்ள வர்றது? நானும்தான். நம்ம குளம்தானே."

போன வாரம் அவர் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியது அவள் கண் முன்னால் வந்தது. கன்னம் புடைக்க அந்தத் தண்ணீரை வாயில் நிரப்பி, பீச்சாங்குழல் மாதிரி மேலே பீய்ச்சினார். அன்றிரவு அதே வாயால் சிரித்தபடி அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். அவள் முகம் சுளித்தாள். பதினாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

இனி ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். நீர்யானை கையைக் கழுவினார், ஏப்பம் விட்டார், துண்டைத் தோளில் போட்டார். "சாப்பிட்டதும் ஒரு முங்கு போட்டாத்தான் எனக்குச் செரிக்கும்." பிள்ளைகள் பின்னால் ஓடின. நாத்தனார் மட்டும் கொஞ்ச நேரம் பிகு செய்துகொண்டு கரையில் நின்றாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளும் குதித்தாள். தெரியாமல் செய்த வரைக்கும் அது அசிங்கம் மட்டும்தான். தெரிந்த பிறகு அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஜன்னலில் நின்றவளுக்குத் தெரியவில்லை.

கணவர் சமையலறைக்கு வந்தார். "கோபம் போச்சா? டைல்ஸ்காரனுக்கு நாளைக்கு செக் தரணும்."

"தரமாட்டேன்."

"குளம் ஒழுகுதுடி."

"ஒழுகட்டும். ஒரு மாசத்துல தானா காலியாயிடும்."

"அண்ணன் என்ன நினைப்பாரு?"

"உக்கார எடம் போச்சேன்னு நினைப்பாரு."

மறுநாள் காலை அவள் நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். அறையில் பழைய பசை வாசனையும் சிமெண்ட் தூசியும். உரிமையாளர் ஷட்டரையும் சுவரையும் மின்விசிறியையும் பெருமையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அவள் எதையும் கவனிக்காமல் பின்பக்கம் இருந்த கழிவறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பிடித்தது. குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். எந்த வாசனையும் இல்லை.

வெளியே வந்து, சுவரில் வைத்தே அட்வான்ஸுக்கான செக்கை எழுதினாள்.