பிடரி வலிக்காத நாட்கள்

என் புருஷன் அனிசெட்டோ முழுப் பன்றியை மூங்கிலில் கோத்துச் சுடுவதில் மன்னன். திருவிழா நாளில் அவர் சுட்ட பன்றியின் தோல் மொறுமொறுவென்று உடைகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தத் தோலை முதலில் ருசி பார்ப்பவரும் அவர்தான். உப்பும் கொழுப்பும் ஆகாது என்று யார் சொல்லி என்ன பிரயோஜனம்!

சுகாதார நிலையத்து நர்ஸ் டாலியா மாதாமாதம் பிரஷர் மாத்திரை தருவாள். "வலி இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் ஒண்ணு. நீங்களா நிறுத்தாதீங்கண்ணே" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வாள். இவர் சமர்த்தாகத் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பிலிப்பைன்ஸில் எங்கள் செபூத் தீவில் ரத்தக்கொதிப்புக்கு ஒரே அடையாளம் பிடரிதான். பிடரி இழுத்தால் மாத்திரை போடு, இழுக்காவிட்டால் இன்னொரு துண்டு பன்றி தின்னு. படித்தவன், படிக்காதவன் எல்லாருக்கும் இதுதான் வேதம்.

"இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று தினமும் கேட்பேன்.

பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "ஒரு வலியும் இல்ல பெலிசா. மருந்தை எதுக்கு வீணாக்கணும்? உனக்கு வேணா ஒண்ணு தரேன், இந்த வாய் கொஞ்சம் அடங்கட்டும்."

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் டாலியா பிரஷர் அளந்து பார்த்துவிட்டு முகம் மாறினாள். "இப்படியே விட்டா பக்கவாதத்துல கொண்டுபோய் விடும்ணே."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா!"

"தெரியாது. அதான் இந்த நோயோட குணமே."

திருவிழாக் காலையில் அடுப்புக்குழி ஓரம் உட்கார்ந்து மூங்கிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரையோ கேலி செய்தவர் பாதியில் நிறுத்தினார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. கை நின்றது, மூங்கில் நின்றது. பன்றியின் ஒரு பக்கம் கரிந்து நாறிய பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். பாவி மனுஷன், கடைசி வரைக்கும் பிடரி வலிக்கவே இல்லை.

கூடத்தில் சவப்பெட்டி. எங்கள் சாவு வீட்டு வழக்கப்படி வாசலில் சீட்டாட்டம். வந்தவர்களுக்கு நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தம்பி ருஃபோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் பன்றி சுடுகிற தொழில்தான். கை பிடரியில் இருந்தது.

"அண்ணி, காலையிலேர்ந்து பிடரி இழுக்குது. அண்ணன் மாத்திரை மிச்சம் இருக்குமே, ஒண்ணு குடுங்க."

காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "உனக்கு பிரஷர் இருக்கான்னு யாராவது அளந்து பார்த்தாங்களா?"

"அளக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரே வயித்துல பொறந்தவங்க. அதே மாத்திரைதானே கேக்கும்?"

"கேக்கும், கிழிக்கும்! அது அவருக்குக் குடுத்தது. உனக்கு எது, எவ்வளவுன்னு டாலியா சொல்லட்டும். ஹெல்த் சென்டர் திறந்துதான் இருக்கு, இப்பவே போ."

அவன் முனகிக்கொண்டே எழுந்துபோய்த் தைலம் தேய்த்துக்கொண்டான், காப்பி குடித்தான், ஒரு ஆட்டம் சீட்டும் போட்டான். திரும்பி வந்தபோது முகத்தில் அண்ணனின் அதே சிரிப்பு.

"வலி ஓடிப்போச்சு அண்ணி. இனி சென்டர் எதுக்கு? பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணம், பன்னி சுடணும். வரேன்."

அண்ணன் போடாமல் சேர்த்துவைத்த மாத்திரைகளை அவனுக்குக் காட்டவென்று பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். டப்பாவும் கையுமாக அவன் பின்னாலேயே போனேன். அதற்குள் சவப்பெட்டியோரம் உட்கார்ந்திருந்த கிழவி இன்சோங் அத்தை அலறினாள். "ஏய் பெலிசா, உக்காரு! சாவு வீட்டுக்காரி வாசல் வரைக்கும் போய் வழியனுப்பலாமா? போறவன் பின்னாலேயே சாவும் போயிடும்டி!"

எனக்குத் தெரியாத வழக்கமா? மாமனார் செத்தபோது நானும் பெட்டியோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவள்தான். ஆனால் இவனுக்குப் பின்னால் சாவு புதிதாகப் போகவேண்டியதில்லை. படியைத் தாண்டி இறங்கி அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ருஃபோ, உன் காலைப் பிடிக்கிறேன்டா. ஒரு தடவை அளந்துட்டு வா. உங்க அண்ணனுக்கும் வலிக்கலடா!"

அவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை. படிக்கு வெளியே நின்ற என் காலைத்தான் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க? உள்ள போங்க! எனக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு!"

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சிலுவைக் குறி போட்டபடி தெருவில் ஓடினான். பன்றி சுடத்தான் போனான். டப்பா என் கையிலேயே இருந்தது.