கழுவிய சக்கரங்கள்

அன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: விசாரிக்க வந்த பொறியாளர், ஆய்வகப் பெண், வால்வு திருப்பும் மூக்கன், கழிவுநீர் நிலையத்துக்குப் பொறுப்பான என் மருமகள், குடியிருப்போர் சங்கத் தலைவனான நான். தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்.

அந்தக் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியதும் அவர்கள்தான். நிலையத்துத் தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலில் மீன்கள் செத்து மிதந்தன. யார் காரணம் என்று தெரியாமல் ஒருவரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். தொட்டித் தண்ணீருக்குக் காற்றடிக்கும் காற்றூதியின் இரைச்சலுக்குப் பயந்து அறையின் ஒரே ஜன்னலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மீனைக் கொன்ன அம்மோனியா எப்படிம்மா இவ்வளவு ஏறுச்சு? காத்தை நிறுத்தினீங்களா?” என்றார் பொறியாளர்.

“ஒரு நிமிஷம்கூட நிறுத்தல சார்,” என்றாள் மருமகள்.

ஆய்வகப் பெண் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை வைத்தாள். நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. தொட்டி நிறைய இவை சுழலும். இவற்றின்மேல் படியும் வழுவழுப்பில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன.

“இதுல ரெண்டு கூட்டம் சார். ஒண்ணு சர்க்கரையும் எச்சில் சோறும் தின்னு மளமளன்னு பெருகும். இன்னொண்ணு அம்மோனியாவைத் தின்னும், வளர்றது ஆமை வேகம். போன மாசம் பழச்சாறு ஆலைக் கழிவுத் தண்ணி வந்துச்சுல்ல, முதல் கூட்டம் கொழுத்து மேல ஏறி உட்கார்ந்துடுச்சு. அடியில இருந்ததுக்குக் காத்தே போகல.”

“கல்யாணத்துல முதல் பந்திக்கு ஓடுறவன் மாதிரி,” என்றான் மூக்கன். யாரும் சிரிக்கவில்லை.

“ஆனா அதுங்க சாகல சார். ஆலைத் தண்ணியைக் குறைச்சா மெல்ல மீண்டிருக்கும். இந்தச் சக்கரம் பளிச்சுன்னு இருக்கு பாருங்க. கழுவியிருக்காங்க. கழுவினா ரெண்டும் போயிடும். தின்னிக் கூட்டம் ரெண்டே நாள்ல திரும்பும். மத்தது வர வாரக்கணக்காகும்.”

“யார் கழுவினது?”

“நான்தான் சார்,” என்றாள் மருமகள்.

“இதுக்குன்னே படிச்சவங்க நீங்க. யார் சொல்லிக் கழுவினீங்க?”

அவள் மேசைமேல் இருந்த சக்கரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். அங்கே வழுவழுப்பு என்றால் வேலைக்காரனுக்கு அவமானம். அந்த விசாரணைக்குப் பத்து நாள் முன்பு, சங்கத்தார் பார்வையிட வருவதற்கு முதல் நாள், நான் மட்டும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தேன். சக்கரம் ஒவ்வொன்றிலும் பழுப்பாகக் கூழ் தொங்கியது.

“நாளைக்கு நாலு பேர் வர்ற இடம். நம்ம வீட்டுப் பேர்தான் இதுல மிதக்குது. கழுவு,” என்றேன்.

“மாமா, இது அழுக்கு இல்ல. கொஞ்சம் பொறுங்க, நானே சரி பண்றேன்.”

“என்கிட்ட எதிர்த்துப் பேசுற பழக்கம் நம்ம வீட்ல இல்லம்மா.”

அன்று முழுவதும் ஆட்களோடு வலையில் அள்ளி அள்ளிக் கழுவினாள். குழாயைப் பிடித்தவன் மூக்கன். விசாரணை அறையில் இப்போது அவன் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான்.

“சொல்லலேன்னா வேலை போயிடும்மா. வெளியில உங்க பேரைத்தான் சொல்லணும்,” என்றார் பொறியாளர்.

“சொல்லுங்க சார்.”

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஒருமுறை பார்த்திருந்தால், என்னிடம் கெஞ்சுகிறாள் என்று எரிச்சல்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். பேசினால் என் தலைமை போகும். பேசாவிட்டால், என் வீட்டுக்கு வந்த பெண் என் சொல்லைக் கேட்ட குற்றத்துக்காக அந்தக் கூட்டத்தின் நடுவே தலைகுனிந்து நடப்பாள்.

எழுந்தேன். “எழுதிக்கோங்க,” என்றேன்.

“மாமா, வேண்டாம்.”

“சும்மா இரும்மா.”

சொல்ல வேண்டியதை அங்கே சொன்னேன். கேட்டருகே போய் எல்லோர் காதிலும் விழ மறுபடி சொன்னேன். சங்கிலியைக் கழற்றினார்கள். அன்றே தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மருமகளைக் காப்பாற்ற மாமனார் பொய்யாகப் பழியை ஏற்றார், குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று இப்போது மெச்சிப் பேசுகிறார்கள். அது தவறு. கழுவச் சொன்னது நான்.