ஆடியில் கூட்டிய முற்றம்

கனகம்மாவின் தோட்டத்தைத் தோட்டம் என்று ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. மற்ற வீடுகளில் முற்றத்தைப் புல் பூண்டு இல்லாமல் மண்வெட்டியால் செருக்கி, வெள்ளை மணல் பரப்பி, ஓரத்தில் வரிசையாகக் குரோட்டன் வைப்பார்கள். அவளோ கிளிவெட்டிக் கிராமத்து வயலோரத்திலிருந்து விஷ்ணுகிராந்தியும் சாத்தாவாரியும் வெட்டிவேர்ப் புல்லும் கிளப்பி வந்து, அங்கே எப்படிக் கலந்து கிடந்தனவோ அப்படியே இங்கேயும் கலந்து நட்டாள். அவள் புருஷன் குணரத்தினம் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வருகிறவர்களிடம், "அது அவவின்ர பைத்தியம்" என்று சொல்லிச் சமாளிப்பார்.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆனியில் கனகம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆடிக் காற்றில் முற்றம் முழுக்கச் சருகானது. தண்ணீர் ஊற்றாமல் விட்டுச் சாகடித்துவிட்டேனே என்று குணரத்தினம் பதறினார். இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, அந்தக் கோலம் அவள் கண்ணில் படக்கூடாது என்று மைத்துனன் தம்பிராசாவைக் கூப்பிட்டார். இருவருமாக எல்லாவற்றையும் வேரோடு கிளப்பி எரித்து, மணல் போட்டுக் கூட்டிவைத்தார்கள்.

காரை விட்டு இறங்கிய கனகம்மா முற்றத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"காஞ்சு செத்துப் போச்சு, கனகம்," என்றார் குணரத்தினம்.

"சாகேல்லையப்பா. வேர் கிடந்தது. ஒவ்வொரு ஆடிக்கும் உப்பிடித்தான் காயும், மாரிக்கு வரும். நீங்கள் ஒரு வருஷமும் பாக்கேல்லையே?"

பதினாறு வருஷம் அந்தச் செடிகளைத் தாண்டித்தான் மனுஷன் கந்தோருக்குப் போய் வந்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாளே லீவு போட்டு, மூதூருக்கு லாஞ்ச் படகேறி, அங்கிருந்து கிளிவெட்டிக்குப் போனார். அங்கேயும் எல்லாம் சருகு. எது என்ன செடி என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அகப்பட்ட வேரையெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றி வந்தார். விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்த கனகம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, நடுகிற இடத்தைக் காட்டினாள். "வரிசையா வையாதேங்கோ" என்று மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

மாரியைக் காண அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆவணி முடிவில் கண்ணை மூடினாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. சனம் வரப்போகிறதே என்று முதல் நாளே தம்பிராசா மண்வெட்டியோடு வந்துவிட்டான். மாரி இன்னும் தொடங்கவில்லை; முற்றத்தில் காய்ந்த குச்சிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எல்லாம் செத்துப் போச்சு, அத்தான். செருக்கி விடுறன்."

குணரத்தினம் போய்க் குச்சிகளுக்கு நடுவில் நின்றார்.

"நானும் உப்பிடித்தான் நினைச்சனான். மண்வெட்டியை வெளியில வை."

"சனம் கேட்டா என்ன சொல்லுறது?"

"என்ர பைத்தியம் எண்டு சொல்லு."