கொன்சொலாட்டாவின் அப்பா பெயர்

1

இந்தக் கதை ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நைரோபியில் நான் தினமும் ஏறும் மினி பஸ்ஸின் கண்டக்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படித் தொடங்கியது:

கொன்சொலாட்டா அ—

அடித்துவிட்டேன். இங்கே அப்பா பெயரை எழுதினால் போதும், அவள் எந்த இனம், யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று எல்லாமே வெளியே வந்துவிடும். (அந்த ‘அ’வையும் நம்பாதீர்கள். கை போன போக்கில் விழுந்தது.)

2

தேர்தல் முடிந்த வாரம். பஸ் சங்கத்துக்குப் புது சேர்மன் வந்திருந்தார். இனி இந்தத் தடத்தில் நம்ம ஆட்களுக்குத்தான் வேலை என்று சொல்லி, கயோலே பஸ் ஸ்டாண்டில் வண்டி வண்டியாக விசாரித்துக்கொண்டு வந்தார். கொன்சொலாட்டா படியில் நின்றிருந்தாள்.

“பேரென்ன?”

“கொன்சொலாட்டா.”

“அது சர்ச்சுல சாமியார் வெச்ச பேரு. அப்பா பேரச் சொல்லு.”

“ஏன் சேர்மன், எங்கப்பா பேரச் சொன்னாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆவுமா?”

உள்ளே சிரித்தார்கள். சேர்மன் சிரிக்கவில்லை.

“சொல்லு. இல்லன்னா உன் ஊருக்குப் போய்ச் சேரு.”

“என் ஊரு இதான். அந்த முக்கு ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்.”

டிரைவர் எல்கானா சேர்மனின் இனத்தவன். அவள் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான்: “எங்கப்பா பேரச் சொல்லித் தொலை. கேட்டா தங்கச்சின்னு நான் சொல்லிக்கிறேன்.”

“உங்கப்பா மூஞ்சிக்கு நான் பொறப்பேனா, போய்யா.”

சொல்லிவிட்டாளே தவிர, வேலை போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு வேறு ஊர் கிடையாது.

3

உண்மையைச் சொல்கிறாள், இறக்கிவிடுகிறார்கள். இப்படி முடித்தால் வாசகர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவள் பிள்ளைகளுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

எல்கானாவின் அப்பா பெயரைச் சொல்கிறாள், வேலை தப்புகிறது. ஆனால் இந்த நகரத்துக் கட்டடங்களுக்குக் கல் சுமந்தே செத்துப்போன அவளுடைய அப்பா, மகள் வாயாலேயே இல்லாமல் போவார். இதையும் அடித்துவிட்டேன்.

பயணிகள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்று, “எங்களையும் இறக்கிவி—” வேண்டாம். நான் ஏறுகிற பஸ்ஸில் யாரும் எழுந்ததில்லை. நானும்தான்.

4

கொன்சொலாட்டா படியிலிருந்து இறங்கி, சேர்மனுக்கு நேரே வந்து நின்றாள்.

“சொல்றேன் சேர்மன். எங்கப்பா பேரு

இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் அவளை இறக்கிவிடுவது நானாகிவிடும்.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை எப்போதோ வெட்டி எறிந்தவர்கள்தான். அப்படியும், “ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்டுவிடுகிறோம். முதல் வரியிலிருந்தே அவள் அப்பா பெயர் உங்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது, இல்லையா?

எதற்கு?