மருந்து நின்றுபோன வருடம்

தையல்கடைக்காரியின் ஒரே மகளுக்குப் பிறவியிலேயே தசை நலிவு நோய். உடம்புதான் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். தினமும் காலையில் பத்துச் சொட்டு மருந்து உள்ளே போனால்தான் மூச்சு சீராக வரும்.

வாயாடிக்கு நாலு வயதானபோது, கருவிலேயே அந்த மரபணுவைத் திருத்திவிடலாம் என்று ஒரு சிகிச்சை வந்தது. ஜனங்கள் பயந்தார்கள். தையல்கடைக்காரிதான் கழுத்தில் அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "என் பொண்ணு படுற பாட்டை ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் பேசுங்க." பார்த்தவர்கள் சிகிச்சைக்குச் சம்மதித்தார்கள். பதினைந்து வருடத்தில் அந்த நோயோடு பிறக்கும் குழந்தையே இல்லையென்றாயிற்று.

பிறகு ஒருநாள் மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அக்கா, கம்பெனிக்காரன் இதைத் தயாரிக்கிறதையே நிறுத்திட்டான். நாடு முழுக்க முப்பது பேர்தானாம். யாருக்காகச் செய்யறதுன்னு கேக்கறான்."

கையிருப்பு ஏழு புட்டி.

மருந்தைத் தொடர்ந்து தயாரிக்கக் கேட்டு மனு ஒன்று எழுதிக்கொண்டு பழைய படிகளையே மறுபடி ஏறினாள். முதல் வீட்டில் கதவைத் திறந்தது, அன்று அவள் பேச்சைக் கேட்டுத் தாய் சம்மதித்ததால் கருவில் திருத்தப்பட்ட பெண். மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்திருந்தாள். "அது என்ன நோய் ஆன்ட்டி? கேள்விப்பட்டதே இல்லையே!" பின்னால் வந்த தாய், முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"எத்தனை கையெழுத்து தேறுச்சு?" என்றாள் வாயாடி.

"நாப்பத்தொண்ணு."

"அட, நோயாளிங்களைவிட அதிகம்!"

தையல்கடைக்காரி உடைந்துபோனாள். "என் கையாலயே உனக்குக் குழி வெட்டிட்டேனேடி."

"பைத்தியமா நீ? அந்தப் பொண்ணு படி தாவுதுன்னியே. அதைத் திருப்பி எடுத்துக்கச் சொன்னா எடுத்துப்பியா?"

எடுத்துப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. ஏழாவது புட்டி தீர்ந்த பதினெட்டாம் நாள், ஏதோ கேலி சொல்ல வாயெடுத்த வாயாடி பாதியில் நிறுத்தினாள். அதோடு சரி.

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்த அன்று, முதலில் வந்தவள் ஒரு கர்ப்பிணி. சட்டையைத் தளர்த்த வேண்டுமாம்.

"எல்லாத்தையும் திருத்தியாச்சுக்கா. பயமே இல்லைன்னுட்டாங்க."

"சந்தோஷம்மா" என்றாள். மனமாரத்தான் சொன்னாள். அளவெடுக்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து, நாடாவை அவளிடமே நீட்டினாள்.