மிச்ச டைல்ஸ்

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்ததுமே சுப்பன் குறுக்கே வந்து நின்றார். வாசலில் கட்டில் போட்டாகிவிட்டது, தம்பியை அதிலேயே கிடத்துங்கள் என்றார். வெளியூரில் உயிர்விட்ட உடம்பு வீட்டுக்குள் வரக் கூடாது. சேவூரில் அது இன்று நேற்று வந்த வழக்கமில்லை.

அமலா வாசற்படியை விட்டு நகரவில்லை. அது அவள் புருஷன், சுப்பனின் தம்பி ஜீவானந்தம் கட்டிய வீடு. சென்னையில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஊரான் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிவிட்டு, ராத்திரியில் தகரக் கொட்டகையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்த மனுஷன். ஊருக்கு வரும்போதெல்லாம் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய மிச்ச டைல்ஸைக் கோணிப்பையில் கட்டி ஆரணி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவான். கண்டக்டரிடம் அவன் வாங்காத பேச்சில்லை. கூடத்துத் தரையில் ஒன்று பால் வெள்ளை, பக்கத்திலேயே மரக் கலர், அதற்கடுத்தது பூப்போட்டது. பத்துப் பணக்காரன் வீடு நம் கூடத்தில் இருக்கிறது பார் என்று சிரிப்பான். தை பிறந்து பால் காய்ச்சிய பிறகுதான் அதில் படுப்பேன் என்று ஒரே பிடிவாதம். பாழாய்ப்போன பிடிவாதம்!

"ஒரு நாள்கூட இதுல படுக்கல மாமா. ஒரு நாழி படுத்துட்டுப் போவட்டும்," என்றாள்.

சுப்பன் தலை குனிந்துகொண்டார். அவருக்கு மட்டும் ஆசையில்லையா? நாளைக்கு இந்த வீட்டில் யாருக்காவது ஒரு தலைவலி வந்தால்கூட ஊர் அவரைத்தான் கேட்கும்.

அப்போது வண்டியிலிருந்து சரவணன் இறங்கினான். ஜீவானந்தத்தோடு வேலை பார்த்தவன். நேற்று போனில் நெஞ்சு வலி, சீரியஸ் என்று மட்டும் சொன்னவன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது.

"வெளியூர்ல போவலைங்க. நம்ம ஊருக்குள்ள நொழையசொல்ல கூட மூச்சு இருந்துச்சு. நான்தான் கைய புடிச்சிகினு வந்தேன்," என்றான், தரையைப் பார்த்தபடி.

தெருவே சுப்பனைப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றிருந்தது. அவர் வண்டிக்குள் கை நீட்டித் தம்பியின் பாதத்தைப் பிடித்தார். அமலாவும் மறு பாதத்தைப் பிடித்தாள். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் இருந்த குளிர் அவள் முழங்கை வரை ஏறியது. கையை எடுக்காமல் சுப்பனின் முகத்தையே பார்த்தாள்.

"சூடு இருக்குது," என்றார் சுப்பன். "தூக்குங்கடா உள்ள."

கூடத்தின் நடுவே கிடத்தினார்கள். ஒப்பாரி தொடங்கியது. சற்று நேரத்தில் துணியிலிருந்து நீர் கசிந்து டைல்ஸ்மேல் ஓடத் தொடங்கியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அமலா முந்தானையால் அதை ஒத்தி ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.